செஞ்சித் தூண்களும் ஒரு நாட்குறிப்பும்

1870 ஜூலை 16 அன்று புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. 1742 முதல் 1754 வரை பிரெஞ்சிந்தியாவை ஆண்ட ழோசப் பிரான்சுவா டூப்ளேயின் சிலை அது. உயரம் 2.88 மீட்டர். பாரிஸில் வறுமையிலும் வழக்கிலும் சிக்கி 1763-இல் இறந்துபோன மனிதருக்கு, நூறாண்டு கழித்து அவர் ஆண்ட ஊரில் கிடைத்த மரியாதை. சிலை திறந்த மூன்றாம் நாள் பிரான்ஸ் பிரஷ்யாவின் மீது போர் தொடுத்தது. செப்டம்பர் பிறந்ததும் செடான் போர்க்களத்தில் மூன்றாம் நெப்போலியனே கைதியானார். தோற்றுச் சோர்ந்த பிரான்ஸுக்கு, கை நழுவிப்போன இந்தியப் பேரரசின் கனவு அதற்குப் பிறகுதான் கூடுதலாக இனித்தது. டூப்ளே பிறந்த லாந்த்ரெசி ஊரில் 1888-இல் இன்னொரு சிலை எழுந்தது.

புதுச்சேரிச் சிலையில் முகத்தைவிடப் பீடம்தான் கவனத்துக்குரியது. செஞ்சிக் கோயில்களிலிருந்து பெயர்த்து வந்த சிற்பத் துண்டுகளை அடுக்கி அந்தப் பீடத்தை அமைத்தார்கள். சுற்றிலும் செஞ்சியிலிருந்தே வந்த ஒற்றைக் கருங்கல் தூண்களை நிறுத்தினார்கள். கோயில் ஒன்றை இடிக்க உத்தரவிட்ட ஆளுநரைக் கோயில் கற்களின் மேலேயே ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது அன்று சிலை திறந்தவர்களுக்கு உறைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. உறைக்க வழி இருந்தது. அந்த இடிப்பை நேரில் அறிந்த ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பு, சிலை திறப்பதற்கு 24 ஆண்டு முன்பே, 1846-இல், இதே ஊரில் கண்டெடுக்கப்பட்டிருந்தது.

எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு ஏறியது, யார் யாருக்கு எத்தனை குண்டு மரியாதை போட்டார்கள், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. காலோய் மோம்ப்ருன் என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். பின்னாளில் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. எழுத்தாளர் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதியதும் இந்த ஊற்றிலிருந்துதான்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி பொஸ்கவேன் பெரும் கடற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஊர் முழுக்கக் குண்டுச் சத்தம். அந்தப் பதற்றத்துக்கு நடுவே, செப்டம்பர் 7-ஆம் தேதியை ஒட்டிய குறிப்புகளில், பிள்ளை போரை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுகிறார். வேதபுரீஸ்வரர் கோயிலின் கதை அது. சம்பா கோயில் என்று ஊரார் சொல்லும் சேசு சபையின் புனித பவுல் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது ஈஸ்வரன் கோயில். இரண்டுக்கும் இடையே ஐம்பது ஆண்டுத் தகராறு. கோயிலை அகற்றச் சொல்லிப் பாதிரிமார் 1701-லேயே முயன்றார்கள். ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவோம் என்று நெசவாளரும் வணிகரும் கிளம்பியதும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனி பின்வாங்கியது. துணி நெய்ய ஆள் இல்லாவிட்டால் கும்பெனிக்குப் புதுச்சேரியால் என்ன பயன்? ஐம்பது ஆண்டுக் காலம் அந்தக் கோயிலைக் காத்து நின்றது அரணோ படையோ அல்ல, தறிதான்.

முற்றுகைக் காலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. ஊரைவிட்டுப் போகிறோம் என்று மிரட்ட முடியாது. வெளியே எதிரிப் படை நிற்கிறது. முதல் நாளே தேவாலயத்தில் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மறுநாள் காலை பொறியாளர் ஒருவரும் பாதிரிமாரும் கொத்தர்களும் கூலியாட்களுமாகச் சுமார் 200 பேர், மண்வெட்டி கடப்பாரையோடு தெற்கு மதிலிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். கோயில்காரர்கள் பிள்ளையிடம் ஓடிவந்தார்கள். ஆளுநரிடம் பெரும் செல்வாக்குள்ள மனிதர் என்று ஊர் நம்பிய பிள்ளையால் எதையும் தடுக்க முடியவில்லை. எடுக்கக்கூடியதை எடுத்துப் பத்திரப்படுத்தும் அளவுக்குத்தான் அவகாசம் கிடைத்தது. உற்சவ மூர்த்திகளைக் காளத்தீஸ்வரன் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். மூலவரைத் தூக்கிப் போக முடியாது அல்லவா?

அடுத்து நடந்ததைப் பிள்ளை ஒவ்வொன்றாக எழுதுகிறார். கெர்தூ பாதிரியார் பெரிய சம்மட்டியோடு வந்தார். லிங்கத்தைக் காலால் உதைத்தார், சம்மட்டியால் உடைத்தார். விஷ்ணு முதலான மற்ற விக்கிரகங்களை உடைக்கும்படி காப்பிரிகளுக்கும் ஐரோப்பியருக்கும் கட்டளையிட்டார். டூப்ளேயின் மனைவி ழான் அங்கே வந்து, விருப்பப்படி உடைத்துக்கொள்ளலாம் என்றார். அரை நூற்றாண்டாக நடக்காததை நடத்திக் கொடுத்ததாகப் பாதிரியார் அவரைப் புகழ்ந்தார். அம்மையாரின் கண்ணெதிரே உள்ளூர்க் கிறிஸ்தவர் ஒருவர் செருப்புக் காலால் லிங்கத்தை உதைத்துத் துப்பியதையும் பிள்ளை விடவில்லை. எத்தனை முறை உதைத்தார் என்பதுவரை எழுதியிருக்கிறார். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை, அவமானத்தையும் அதே துல்லியத்தோடு கணக்கெழுதி வைத்தது.

இந்தக் காட்சியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தால் ஒருவரும் எளிதில் அடங்கமாட்டார்கள். ழான் அம்மையார் பாரிஸிலிருந்து வந்தவர் அல்ல. புதுச்சேரியிலேயே 1706-இல் பிறந்தவர், தாய்வழியில் இந்தோ-போர்ச்சுக்கீசியர், தமிழ் பேசத் தெரிந்தவர். காப்பிரிகள் என்று பிள்ளை குறிப்பிடும் ஆப்பிரிக்கர்களில் பலர் தங்கள் ஊரிலிருந்து பிடித்துவரப்பட்டு விற்கப்பட்டவர்கள். தங்கள் தெய்வம், மொழி, உறவு எல்லாம் பறிகொடுத்தவர்களின் கையில்தான் இன்னொருவரின் தெய்வத்தை உடைக்கும் வேலை கொடுக்கப்பட்டது. சம்மட்டி பிடித்த கெர்தூ யார்? தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்ற அறிஞர். தென்னிந்தியச் சாயத் துணித் தொழிலின் நுட்பங்களைக் கேட்டறிந்து 1740-களில் கடிதங்களாக எழுதியவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று, வில்லியம் ஜோன்ஸின் புகழ்பெற்ற உரைக்கு முன்பே 1760-களில் பாரிஸுக்கு எழுதி அனுப்பியவர். ஒரு நாகரிகத்தை ஆழ்ந்து கற்றவர் அதை மதிப்பார் என்ற நம்பிக்கைக்கு எதிராக இந்த ஒரு நாள் நிற்கிறது.

பொஸ்கவேன் அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். டூப்ளே வென்றார். ஊர் தப்பியது, கோயில் போனது.

தப்பிய ஊருக்கும் அதிக ஆயுள் இல்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிள்ளை கண்மூடியதும் அதே நாள்களில்தான். வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் வெடிவைத்துத் தகர்த்து ஊரைத் தரைமட்டம் ஆக்கினார்கள். பவுல் தேவாலயமும் மண்ணோடு மண்ணானது. இன்று மிஷன் வீதியில் நிற்கும் பேராலயம் 1791-இல் முடிந்த கட்டடம். ஈஸ்வரன் கோயிலும் வேறு இடத்தில் மறுபடி எழுந்தது. அந்தத் தெருவே இன்று ஈஸ்வரன் கோயில் வீதி. பழைய புதுச்சேரியிலிருந்து எஞ்சியவற்றில் ஒன்று, பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழே தமிழ்நாட்டுத் திண்ணையும் மரத்தூணும், மேலே பிரெஞ்சுச் செங்கல் தூண்களுமாக, பிள்ளை வாழ்ந்த இரட்டை வாழ்க்கையை அந்த வீடே காட்டுகிறது. உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையோடு அதைத் தாண்டிப் போகிறார்கள்.

இனி செஞ்சிக் கற்களுக்கு வருவோம். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவுத் தாக்குதலில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. யாராலும் ஏற முடியாத கோட்டை என்று பெயர் வாங்கியது அது. அந்த வெற்றி ஐரோப்பா வரை பேசப்பட்டது. 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கீழ்க்கோட்டையில் நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயில் உண்டு, செஞ்சியிலேயே பெரியது. அதன் உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனதைத் தென்னாற்காடு மாவட்ட விவரக்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. சுமார் 70 கிலோமீட்டர் தூரம். லாரி கிடையாது, தார்ச்சாலை கிடையாது. பல டன் எடையுள்ள கருங்கல் தூணை மாட்டையும் மனிதரையும் பூட்டி இழுத்திருக்க வேண்டும். இழுத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பாரம்பரியத்தின் ஒரு பகுதி கடற்கரைக் காற்றில் உப்பேறி நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. டூப்ளே கடற்கரையின் நடுவிடத்தை இழந்தார். பல ஊர்களில் ஆண்டவர்களின் சிலைகளை உடைத்தார்கள், கடலில் தள்ளினார்கள், அருங்காட்சியகக் கிடங்கில் பூட்டினார்கள். புதுச்சேரி அதைச் செய்யவில்லை. பீச் ரோட்டின் தெற்குக் கோடிக்கு, குழந்தைகள் விளையாடும் பூங்காப் பக்கம், அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. செஞ்சித் தூண்களுக்கு நடுவே இப்போது காந்தி நிற்கிறார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி உருவாக்கிய சிலை. மெரினாவின் உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் வடித்த அதே கை. 1934 பிப்ரவரி 17 அன்று காந்தி இந்த ஊருக்கு வந்துபோனவர்தான்.

மாலையில் காந்தி சிலையைச் சுற்றிக் கூட்டம் கூடும். சுண்டல், பலூன், செல்பி. தூண்களின் சதுரக் கட்டங்களிலும் பட்டைகளிலும் கோயில் மண்டபத்துக்கே உரிய செதுக்கல். உப்புக் காற்று அதன் விளிம்புகளை மழுக்கிக்கொண்டிருக்கிறது. அதில் முதுகைச் சாய்த்து நிற்பவர்களுக்கு, அது தாங்க வேண்டிய கூரை 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? செஞ்சியிலிருந்து வந்தவை என்று வழிகாட்டிகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோகிறார்கள். எந்தக் கோயில், எந்தப் போர், யாருடைய வெற்றிக்காக, பிறகு யாருடைய சிலைக்காக என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அந்தத் தூண்களின் வரலாறு முழுமையாகும். டூப்ளேயின் புகழுக்கு நடப்பட்ட தூண்கள் காந்திக்குக் கைமாறியது நல்ல மாற்றம்தான். ஆனால் இரண்டு முறையும் தூணைக் கேட்டவர் இல்லை. வேங்கடரமணரைக் கேட்டவரும் இல்லை.

காந்தி சிலையிலிருந்து சற்றே வடக்கே நடந்தால், சாலையின் மேற்குப் பக்கம் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம். 1938-இல் திறக்கப்பட்டது. வெண்ணிறத் தூண்களுக்கு நடுவே தலை குனிந்து நிற்கும் ஒரு சிப்பாய். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்கானது. ‘சொல்தா’ குடும்பம் என்றால் புதுச்சேரியில் இன்றும் புரியும். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய், பென்ஷனோடு திரும்பியவர்களின் வீடு. 1881-இல் வந்த ஆணையின்படி சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களிலிருந்து நிறைய பேர் அப்படிப் போனார்கள். சாதியால் மிதிபட்டவர்களுக்குப் பட்டாளம் ஒரு வாசலாக இருந்தது என்பதை மறந்துவிட்டு அவர்களை அந்நியனுக்கு உழைத்தவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஜூலை 14, நவம்பர் 11 தேதிகளில் முதிய சிப்பாய்கள் பதக்கம் அணிந்து அங்கே கூடுகிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த வெண்கலச் சிப்பாயின் முகத்தில் தன் தாத்தாவைப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு. எங்கோ வெர்தனிலோ மார்னிலோ புதைந்தவருக்கு ஊரில் இருக்கும் ஒரே கல்லறை அது.

அந்தச் சின்னம் திறப்பதற்கு இரண்டாண்டு முன்பு, 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சுப் படை இதே ஊரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. சவானா ஆலையில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டவர்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937 ஏப்ரலில் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று தொழிற்சங்கங்கள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. ஆலைகள் 2020-இல் மூடிவிட்டன. ஒரே ஆட்சி தனக்காகச் செத்தவனுக்குக் கடலைப் பார்த்து வெண்கலம் வைத்தது; தன்னிடம் உரிமை கேட்டுச் செத்தவனை நினைவில் வைக்கும் பொறுப்பைச் சக தொழிலாளிக்கு விட்டுவிட்டது. இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே மாதிரித் தெருக்களில் பிறந்தவர்கள்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கிறது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது இதுதான். தாசி குலத்துப் பெண் ஆயியின் விளக்கெரியும் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்ட மன்னர், உண்மை தெரிந்ததும் அவமானம் தாளாமல் அதை இடிக்கச் சொன்னார். அவள் தானே முன்னின்று இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்று கதை. கிருஷ்ணதேவராயர் காலம் என்று சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, அந்தப் பெண்ணின் பேரால் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபம் எழுந்தது. கதையின் பழமையைச் சோதிப்பவர்கள் சோதிக்கட்டும். வீடு இழந்த ஒரு பெண்ணின் பெயரை ஒரு ஊர் தன் முத்திரையாக வைத்திருப்பது தமிழ் நிலத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. இடிக்கச் சொன்னவர் பெயரில் இங்கே மண்டபம் இல்லை.

நினைவுக்கு உருவம் கொடுப்பது எவ்வளவு சிக்கலான வேலை என்பதைத் தமிழர்கள் அண்மையிலும் கண்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், ஈழப் போரின் இறுதியில் இறந்த தமிழர்களுக்காக மேலே நீண்டு எழும் கைகளின் வடிவில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னத்தை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; சில நாளிலேயே மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டு, ஏப்ரலில் அது திரும்ப எழுந்தது. இங்கிருந்து கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் நினைவுச்சின்னமோ அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1854 டிசம்பரில் முதல் இந்தியத் தொழிலாளரோடு ‘ஒரேலி’ கப்பல் சேர்ந்த குவாதலூப் தீவில், புவான்தாபீத்ர் துறைமுகத்தில், அவர்களின் வழிவந்தவர்கள் ‘முதல் நாள்’ என்று பெயரிட்டு அதை வைத்திருக்கிறார்கள்.

1748-இன் வேதனைக்குச் சிலை வைத்தால் நன்றாயிருக்குமா? வேண்டாம் என்றே தோன்றுகிறது. இன்று அந்தச் சிலை பழைய புண்ணைக் கீறிக் காட்டவே பயன்படும். இரண்டு வழிபாட்டிடங்களும் சண்டையின்றி மணியடித்துக்கொண்டிருக்கும் ஊர் இது. ஆனால் மறைக்கவும் கூடாது. பிள்ளையின் நாட்குறிப்பைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்க வேண்டும், டூப்ளே சிலையின் பீடத்தைக் காட்டி ஆசிரியர் அதைச் சொல்ல வேண்டும். வெற்றிச் சின்னம் தன் காலடியிலேயே சாட்சியத்தை வைத்துக்கொண்டிருக்கும் இடம் அது.

சிற்பத்தை உடைத்த ஊரிலேயே சிற்பத்தைக் காக்கும் வேலை ஒன்றும் நடந்தது. 1955-இல் ழான் பிலியோசாவின் முயற்சியால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அதன் புகைப்படக்காரர்கள் பல பத்தாண்டுகள் தென்னிந்தியாவின் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கலை வரலாற்றுக்காக எடுத்த படங்கள் பின்னால் திருட்டு வழக்குகளில் சாட்சியாக நின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிய நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கியிருந்தது. 1994-இல் அந்தக் கோயிலில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் சிலையின் ஊர் தெரிந்துபோயிற்று. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கற்சிலையான அர்த்தநாரீஸ்வரர் சிட்னியில் இருந்தார். அவரைக் காட்டிக்கொடுத்ததும் புதுச்சேரியில் இருந்த பழைய படம்தான். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இரண்டு சிலைகளையும் டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.